பழைய ஏற்பாட்டை இலக்கியமாகவும் வாசிப்போம்

பினாங்குத் தீவிலும் கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த், பிறை வட்டாரத்திலும் தமிழ்க் கிறிஸ்தவர்களின் வீட்டுச் சுவர்களில் வேதவசனம் இல்லாமல் இருக்காது. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் கையில் கொடுத்த வாக்குத்தத்த அட்டை குளிர்சாதனப் பெட்டிக் கதவில் அடுத்த டிசம்பர் வரை ஒட்டியிருக்கும். அப்படி அடிக்கடி கண்ணில் படுகிற வசனங்களில் ஒன்று யோபு 8:7. "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்." சாப்பாட்டுக் கடை திறக்கிறவருக்கும் பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புகிற பெற்றோருக்கும் பிடித்த வசனம்.

இதைச் சொன்னது யார்? கடவுள் சொல்லவில்லை, யோபும் சொல்லவில்லை. யோபைப் பார்க்க வந்த மூன்று நண்பர்களில் ஒருவனான பில்தாத் சொன்னான். பெருங்காற்றில் வீடு இடிந்து பத்துப் பிள்ளைகளை ஒரே நாளில் பறிகொடுத்த தகப்பன் சாம்பலில் உட்கார்ந்திருக்கிறான். அவனிடம், உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதனால்தான் கடவுள் அவர்களைத் தண்டனைக்கு ஒப்புக்கொடுத்தார் என்ற பொருள்பட பில்தாத் பேசுகிறான். அது 8:4. நீ சுத்தமானவனாக இருந்தால் கடவுள் உனக்காக விழித்தெழுவார் என்கிறான். அது 8:6. அந்த நிபந்தனையின் வாலில் வருவதுதான் நம் சுவரில் இருக்கிற 8:7. நல்லவனுக்கு நல்லதே நடக்கும், கெட்டது நடந்தால் அவன் கெட்டவன் என்ற கணக்கின் கடைசி வரி அது. புத்தகம் முடியும்போது கடவுளே வந்து, யோபு பேசியதுபோல நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று அந்த நண்பர்கள்மேல் கோபப்படுகிறார் (42:7).

அப்படியானால் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட வேண்டுமா? அதற்குள் அவசரம் வேண்டாம். அதே கடைசி அதிகாரத்தில் யோபின் முன்னிலைமையைவிடப் பின்னிலைமையைக் கர்த்தர் அதிகமாக ஆசீர்வதித்தார் என்று வருகிறது. பில்தாத் சொன்ன வரி பலித்துவிட்டது. அவன் சொன்ன காரணத்தால் பலிக்கவில்லை. இன்னொரு நண்பனான எலிப்பாஸ் சொன்ன ஒரு வரியைப் பவுலே, "எழுதியிருக்கிறது" என்று மேற்கோள் காட்டுகிறார் (யோபு 5:13, 1 கொரிந்தியர் 3:19). ஆக, நண்பர்கள் பேசியது அத்தனையும் பொய் என்றும் ஒதுக்கிவிட முடியாது. உண்மையான சொற்களைத் தவறான நேரத்தில், தவறான ஆளிடம், இரக்கமில்லாமல் சொல்ல முடியும் என்பதைத்தான் அந்தப் புத்தகம் இத்தனை அதிகாரங்கள் எடுத்து வரைந்து காட்டுகிறது. தனி வசனமாக வெட்டி எடுத்தால் அந்தச் சித்திரம் முழுவதும் கைநழுவிப் போகிறது.

யார் பேசுகிறார், யாரிடம், எந்த நிலையில், எந்த வடிவத்தில், எதைச் சொல்லாமல் விட்டு? இந்தக் கேள்விகளோடு வேதத்தைத் திறப்பதைத்தான் எபிரேய வேதத்தை, அதாவது பழைய ஏற்பாட்டை, இலக்கியமாக வாசிப்பது என்கிறார்கள்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. சங்க அகப்பாட்டு ஒவ்வொன்றுக்கும் அடியில் தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று ஒரு குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்பைப் பார்க்காமல் பாட்டுக்குப் பொருள் சொன்னால் ஆசிரியர் விடமாட்டார். நம்மாழ்வார் பாசுரங்களுக்கு உரை எழுதிய வைணவப் பெரியோர், இது தாய் சொல்வது, இது மகள் சொல்வது, இது தோழி சொல்வது என்று பிரித்துப் பிரித்துப் பொருள் சொன்னார்கள். பக்தி குறைந்ததால் அப்படிச் செய்யவில்லை, ஒவ்வொரு சொல்லும் தங்களுக்கு முக்கியம் என்பதால் செய்தார்கள். யோபு 8ஐத் திறக்கும்போது மேலே "பில்தாத் கூற்று" என்று பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். பாதி வேலை முடிந்தது.

"அப்போ நடக்கலையா?"

எங்கள் வீட்டு ஜெபக் கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்ததும் ஓர் அக்கா நேராகவே கேட்டார். "தம்பி, இலக்கியம்னா கதைன்னுதானே அர்த்தம்? அப்போ இதெல்லாம் நடக்கலைன்னு சொல்ல வர்றீங்களா?"

நியாயமான பயம். ஆனால் நடந்ததா என்பது ஒரு கேள்வி, எப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது என்பது வேறு கேள்வி. கி.மு. 701இல் அசீரிய மன்னன் சனகெரிப் யூதா நாட்டின்மேல் படையெடுத்து வந்தான். இதை வேதமும் சொல்கிறது, அவன் களிமண்ணில் எழுதி வைத்த சொந்த வரலாறும் சொல்கிறது. யூதாவின் ராஜா எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல எருசலேமுக்குள் அடைத்து வைத்தேன் என்று சனகெரிப் பெருமை அடிக்கிறான். நகரத்தைப் பிடித்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. வேதமோ அதே நாட்களைச் சொல்லும்போது ராஜா எதிரியின் கடிதத்தை ஆலயத்துக்குக் கொண்டுபோய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்த காட்சியில் நின்று நிதானிக்கிறது (2 இராஜாக்கள் 19:14). நடந்தது ஒன்று, சொன்னவர்கள் இரண்டு பேர், வடிவம் இரண்டு. வரலாறானாலும் அதைச் சொல்ல ஒரு வடிவம் வேண்டும். அந்த வடிவத்தைக் கவனிப்பது வரலாற்றை மறுப்பதாகாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. பிறன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கிக்கொண்டான் என்று ஒரு வழக்கைச் சொல்கிறான். அந்தப் பணக்காரன் எந்த ஊரிலும் இல்லை. அதற்காக நாத்தான் பொய் சொன்னான் என்று யாரும் சொல்வதில்லை. "நீயே அந்த மனுஷன்" என்ற வார்த்தை தாவீதைக் குத்தியது அந்தக் கதை வழியாகத்தான். இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையும் அப்படியே. யோனாவும் யோபும் எந்த வகையைச் சேர்ந்தவை என்பதில் விசுவாசிகளுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. நீங்கள் எந்தப் பக்கம் இருந்தாலும் அந்த நூல்களைக் கூர்ந்து வாசிக்கத் தடை எதுவும் இல்லை.

யாருடைய புத்தகம்?

எபிரேய வேதம் என்பது கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்று அழைக்கும் நூல்தொகுதி. சிறு பகுதிகள் மட்டும் அரமேய மொழியில் இருக்கும், மற்றதெல்லாம் எபிரேயம். யூதர்கள் அதை தோரா, நெவியீம், கெத்துவிம், அதாவது நியாயப்பிரமாணம், தீர்க்கதரிசிகள், எழுத்துகள் என்று மூன்றாகப் பிரித்து, மூன்றின் முதல் எழுத்துகளையும் சேர்த்து தனாக் என்பார்கள். அவர்கள் கணக்கில் 24 நூல்கள். சாமுவேலையும் இராஜாக்களையும் நாளாகமத்தையும் இரண்டிரண்டாகப் பிரித்து, எஸ்றாவையும் நெகேமியாவையும் தனித்தனியாக்கி, சிறிய தீர்க்கதரிசிகள் பன்னிரண்டு பேரையும் தனித்தனியே எண்ணினால் அதே நூல்கள் புரொட்டஸ்டன்ட் கணக்கில் 39 ஆகும். கத்தோலிக்க விவிலியத்தில் தோபித்து, யூதித்து, மக்கபேயர் முதலியவையும் சேர்ந்து 46.

எண்ணிக்கையைவிட வரிசையைக் கவனியுங்கள். இன்றைய யூதப் பதிப்புகளில் பெரும்பாலும் கடைசி நூல் நாளாகமம். பாரசீக மன்னன் கோரேஸ் சிறைப்பட்ட ஜனங்களைப் பார்த்து, விருப்பமுள்ளவன் எருசலேமுக்குப் போகட்டும் என்று சொல்வதோடு முழு வேதமும் முடிகிறது. வாசகன் வீட்டுக்குப் புறப்படும் வாசற்படியில் நிற்கிறான். கிறிஸ்தவ வரிசையில் கடைசி நூல் மல்கியா. எலியா வருவான் என்ற அறிவிப்போடு முடிந்து, பக்கத்தைத் திருப்பினால் சற்று நேரத்தில் யோவான் ஸ்நானகன் வந்துவிடுகிறான். நூல்கள் அவையேதான், அடுக்கிய விதத்தில் கதையின் திசை மாறிவிட்டது. ரூத்தின் கதை நமக்கு நியாயாதிபதிகளின் ரத்தக்களரிக்குப் பிறகு ஆறுதலாக வருகிறது. சில பழைய எபிரேயக் கையெழுத்துப் பிரதிகளில் அது நீதிமொழிகளுக்கு அடுத்தாற்போல வருகிறது. "குணசாலியான ஸ்திரீயைக் கண்டுபிடிப்பவன் யார்?" என்று கேட்ட கடைசி அதிகாரத்துக்குப் பக்கத்திலேயே அந்த மோவாபியப் பெண் வந்து நிற்கிறாள்.

ஜார்ஜ்டவுனில், ஒரு காலத்தில் ஜாலான் யாஹூடி என்று பெயர் பெற்றிருந்த ஜாலான் சைனல் ஆபிடினில் 1805இல் ஏற்பட்ட யூதக் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. கல்லறைகளின்மேல் எபிரேய எழுத்துகள் இருக்கும். நாம் பழைய ஏற்பாடு என்று சொல்வதை வேறொரு ஜனம் நமக்கு முன்னாலிருந்து தன் வேதமாக வாசித்து வருகிறது, இன்றும் வாசிக்கிறது என்பதை நம் தீவிலேயே நின்று நினைத்துக்கொள்ளலாம். கிறிஸ்தவ வாசிப்பு அவர்களைத் துரத்திவிட்டு உட்காரும் வாசிப்பாக இருக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். வார்த்தைக்கு வார்த்தை கூர்ந்து பார்க்கும் பழக்கத்தை நாம் யூத ரபிகளிடமிருந்தும் கற்றுக்கொள்ளலாம்.

கவிதையைப் பற்றிச் சுருக்கமாக

எபிரேயக் கவிதையில் எதுகை, மோனை தேடி ஏமாற வேண்டாம். அங்கே எதிரொலிப்பது பெரும்பாலும் கருத்து. "வானங்கள் தேவனுடைய மகிமையை வெளிப்படுத்துகிறது, ஆகாயவிரிவு அவருடைய கரங்களின் கிரியையை அறிவிக்கிறது" (சங்கீதம் 19:1). முதல் அடி சொன்னதை இரண்டாம் அடி வாங்கி, கொஞ்சம் நகர்த்திச் சொல்கிறது. மகிமை என்ற பெரிய சொல், கைவேலை என்று கண்ணுக்குத் தெரிகிற ஒன்றாகிறது. இந்த இணையடி முறைக்கு ஐரோப்பாவில் ஒரு பெயர் வைத்து விளக்கியவர் ஆக்ஸ்போர்டில் கவிதைப் பேராசிரியராக இருந்த ராபர்ட் லௌத். அவருடைய விரிவுரைகள் 1753இல் வெளிவந்தன. இது தெரிந்தால் ஒரு லாபம் உண்டு. இரண்டு அடிகளையும் இரண்டு தனித்தனிக் கட்டளைகளாக எடுத்துக்கொண்டு திண்டாட மாட்டோம்.

புலம்பல் என்ற சிறிய நூலை மட்டும் விட்டுவிட்டுப் போக மனமில்லை. எருசலேம் இடிந்த துக்கம் அது. எபிரேயத்தில் 22 எழுத்துகள். முதல் நான்கு அதிகாரங்களும் நம் ஆத்திசூடிபோல எழுத்து வரிசையில் அமைந்தவை. மூன்றாம் அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்று வசனமாக 66. கட்டுக்கடங்காத அழுகையை ஒருவன் எழுத்து வரிசைக்குள் கட்டி நிறுத்தப் பார்க்கிறான். ஐந்தாம் அதிகாரத்திலும் 22 வசனங்கள்தான், ஆனால் எழுத்து வரிசை இல்லை. அந்த வரிசை ஏன் நின்றுபோனது என்று நூல் சொல்லவில்லை. அதைக் கவனித்த பிறகு அந்த அதிகாரத்தை முன்போல வேகமாக வாசிக்க முடிவதில்லை.

பாறைமேல் இருந்த தாய்

கதைப் பகுதிக்கு வருவோம். எபிரேயக் கதைசொல்லி மிகவும் சிக்கனமானவர். ஆள் எப்படி இருந்தான், என்ன நினைத்தான், செய்தது சரியா என்று எதுவும் சொல்லமாட்டார். எரிக் அவர்பாக் என்ற ஜெர்மானிய யூத அறிஞர், நாட்சி ஆட்சியில் வேலை இழந்து, இஸ்தான்புல்லில் இருந்தபோது எழுதி 1946இல் வெளிவந்த நூலில் இதை அருமையாக எடுத்துக் காட்டினார். ஹோமரின் காவியத்தில் எல்லாம் வெளிச்சத்தில் இருக்கிறது. ஆபிரகாம் மகனைப் பலியிடப் போகும் கதையிலோ மூன்று நாள் நடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சொல்லாத இடத்தில்தான் பாரம் அத்தனையும் இருக்கிறது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் அதிகம் கேட்காத ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறேன். 2 சாமுவேல் 21, முதல் 14 வசனங்கள்.

தாவீதின் நாட்டில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பஞ்சம். தாவீது கர்த்தரிடம் விசாரிக்கிறான். முன்பு ராஜாவாக இருந்த சவுல், கிபியோன் ஊர் மக்களான கிபியோனியரைக் கொன்ற ரத்தப்பழிதான் காரணம் என்று பதில் வருகிறது. உடனே தாவீது கிபியோனியரைக் கூப்பிட்டு, உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறான். சவுலின் வம்சத்தில் ஏழு பேரைக் கொடு, கர்த்தருக்கென்று தூக்கில் போடுகிறோம் என்கிறார்கள். கொடுக்கிறான். சவுலின் மறுமனையாட்டி ரிஸ்பாளின் மகன்கள் இரண்டு பேர், சவுலின் மகள்வழிப் பேரன்கள் ஐந்து பேர். மலையின்மேல் ஏழு பேரையும் தொங்கவிடுகிறார்கள். வாற்கோதுமை அறுப்பு தொடங்கும் சமயம்.

இங்கே கொஞ்சம் நிறுத்துங்கள். பஞ்சத்துக்குக் காரணம் என்ன என்று கர்த்தர் சொன்னார். பரிகாரம் என்ன என்று சொல்லவில்லை. தாவீது இரண்டாம் முறை அவரிடம் கேட்கவும் இல்லை, கேட்டது கிபியோனியரிடம். "கர்த்தருக்கென்று" என்ற சொல் அவர்கள் வாயிலிருந்து வருகிறது. மறுபடியும் யார் கூற்று என்ற கேள்விதான். சவுலின் சந்ததியை வேரறுக்கமாட்டேன் என்று தாவீது சவுலுக்கே ஆணையிட்டுக் கொடுத்தது 1 சாமுவேல் 24இல் இருக்கிறது. சவுலின் மகன் யோனத்தானுக்குக் கொடுத்த ஆணையை நினைத்து அவன் மகனைத் தாவீது தப்பவிட்டான் என்று கதைசொல்லி இங்கே சொல்கிறார். சவுலுக்குக் கொடுத்த ஆணையைப் பற்றி வாய் திறக்கவில்லை. மறந்துவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. நாம் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்.

இப்போது பத்தாம் வசனம். ரிஸ்பாள் இரட்டுப்புடவையை எடுத்துக்கொண்டு போய்ப் பாறையின்மேல் விரிக்கிறாள். அறுப்பின் தொடக்கம் முதல் வானத்திலிருந்து மழை பெய்யும் வரைக்கும் அங்கேயே இருக்கிறாள். பகலில் பறவைகளும் இரவில் காட்டு மிருகங்களும் அந்த உடல்களைத் தொடவிடவில்லை. அவ்வளவுதான். ஒரே வசனம்.

வாரத்துக்கு நாலு நாள் மழை பார்க்கிற பினாங்குக்காரர்களுக்கு இந்த வசனத்தின் நீளம் உடனே உறைக்காது. அந்த நாட்டில் வாற்கோதுமை அறுப்பு நம் சித்திரை வாக்கில். அதன் பிறகு நீண்ட கோடை, மழையே கிடையாது. அடுத்த மழை ஐப்பசி வாக்கில்தான். கதைசொல்லி குறிப்பது வழக்கமான பருவமழை என்றால், அவள் பாறையில் இருந்தது ஏறக்குறைய ஆறு மாதம். அழுதாள் என்று எழுதவில்லை, ஜெபித்தாள் என்றும் எழுதவில்லை. ரிஸ்பாள் வேதத்தில் வருவது இரண்டே சம்பவங்களில். 2 சாமுவேல் 3இல் இரண்டு ஆண்கள் அவளைச் சாக்காக வைத்து அதிகாரச் சண்டை போடுகிறார்கள். அங்கேயும் அவளுக்குப் பேச்சு இல்லை, இங்கேயும் இல்லை.

எங்கள் கூட்டத்தில் இதை வாசித்தபோது அதே அக்கா கேட்டார். "இத்தன நாளு அவளுக்குச் சோறு யாரு கொண்டுவந்து குடுத்தா?" எனக்குத் தெரிந்து எந்த விளக்கவுரையும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. வேதம் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு பாறையைச் சுற்றி ஒரு ஊர் இருப்பது எங்களுக்குத் தெரிய ஆரம்பித்தது. ராஜாவுக்குப் பயந்து ஒதுங்கியவர்கள் இருந்திருப்பார்கள், இருட்டியபின் தண்ணீர்க் குடம் வைத்துவிட்டுப் போனவர்களும் இருந்திருப்பார்கள். சொல்லாமல் விட்டதை நாமே எழுதிச் சேர்த்துவிடக் கூடாது. அங்கே ஒரு வெற்றிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே வாசிப்புதான்.

புறநானூறு 278இல் ஒரு முதிய தாய், மகன் புறமுதுகிட்டான் என்று ஊர் சொன்னதைக் கேட்டு, வாளோடு போர்க்களத்தில் பிணங்களைப் புரட்டிப் பார்க்கிறாள். சிதைந்து கிடந்த மகனைக் கண்டு, பெற்ற நாளைவிட அதிகமாக மகிழ்கிறாள். அந்தப் பாட்டு வீரத்தைப் போற்றுகிறது. ரிஸ்பாளின் கதைசொல்லி எதையும் போற்றவில்லை. அவள் செய்தது தாவீதுக்கு அறிவிக்கப்பட்டது என்கிறார். தாவீது போய், யாபேஸ் கீலேயாத்தில் கிடந்த சவுலின் எலும்புகளையும் யோனத்தானின் எலும்புகளையும் எடுத்துவருகிறான். தூக்கிலிடப்பட்டவர்களின் எலும்புகளும் சேர்க்கப்படுகின்றன. சவுலையும் யோனத்தானையும் சவுலின் தகப்பன் கீஸின் கல்லறையில் அடக்கம் செய்கிறார்கள். பிறகுதான் அந்த வரி வருகிறது. அதற்குப் பின்பு தேவன் தேசத்துக்காகச் செய்யப்பட்ட வேண்டுதலைக் கேட்டருளினார்.

எதற்குப் பின்பு? ஏழு பேரைத் தொங்கவிட்டபின் அந்த வரி வரவில்லை. அடக்கத்துக்குப் பின்பு வருகிறது. வரிசையை வைத்து மட்டும் கதைசொல்லி ஒரு பெரிய இறையியலைச் சொல்லிவிட்டார் என்பது என் வாசிப்பு. கர்த்தர் கேட்டது அந்த ரத்தத்தைத்தான் என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் ஒன்பதாம் வசனத்தோடு நிற்காமல் பதினான்காம் வசனம் வரைக்கும் வாசித்துவிட்டு அதைச் சொல்ல வேண்டும்.

இதில் இறையியல் எங்கே?

இரண்டாம் நூற்றாண்டில் மார்க்கியோன் என்பவர், இந்த எபிரேய நூல்களின் கடவுள் வேறு, இயேசுவின் தகப்பன் வேறு என்று சொல்லி, பழைய ஏற்பாட்டை முழுசாகத் தள்ளிவிட்டார். 144 வாக்கில் ரோமாபுரிச் சபை அவரைத் தள்ளியது. சபை எபிரேய வேதத்தை வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தது. வைத்துக்கொண்டால் அதை வாசிக்கத் தெரிய வேண்டும், அங்கே ஆரம்பித்தது வேலை. ஆரம்பகாலச் சபை அறிஞரான ஒரிகன் போன்றவர்கள் ஒவ்வொரு விவரத்துக்கும் உள்ளர்த்தம் தேடினார்கள். அந்தியோகியாவில் இருந்தவர்கள் சொல்லின் நேர்ப்பொருளை வலியுறுத்தினார்கள். பேச்சுக்கலை ஆசிரியராக இருந்த அகுஸ்தீனுக்கு இளம் வயதில் வேதத்தின் நடையே பிடிக்கவில்லை. சிசரோவுக்கு முன்னால் இது நிற்குமா என்று ஒதுக்கியதை அவரே பின்னால் எழுதியிருக்கிறார். அதே அகுஸ்தீன் ஆயரான பிறகு வேதத்தின் அணிகளையும் நடையையும் எப்படி வாசிப்பது என்று மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்.

கத்தோலிக்கத் திருச்சபையில் 1943இல் பன்னிரண்டாம் பயஸ் வெளியிட்ட சுற்றுமடலும், 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடும், எழுதியவர் என்ன சொல்ல வந்தார் என்று அறிய அவர் கையாண்ட இலக்கிய வகையைக் கவனிக்க வேண்டும் என்று தெளிவாகவே சொல்கின்றன. ஆகவே இலக்கியமாக வாசிப்பதை வெளியாட்கள் வேலை என்று ஒதுக்க வழியில்லை.

நான் பிடித்துக்கொண்டிருப்பது இதைத்தான். கடவுள் சட்டப் புத்தகமாக மட்டும் பேசியிருக்கலாம். அவர் புலம்பலாகவும் காதல் பாட்டாகவும் வம்ச வரலாறாகவும் பதில் கிடைக்காத கேள்வியாகவும் பேசத் தீர்மானித்தார் என்று நாம் நம்பினால், அந்த வடிவங்களை உரித்துப் போட்டுவிட்டுக் கருத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் உரிமை நமக்கு இல்லை. வார்த்தை மாம்சமானார் என்று சொல்கிற சபைக்கு, வார்த்தை மனிதக் கவிஞனின் மூச்சிலும் வந்தது என்பதில் கூச்சம் எதற்கு?

பிறகு கிறிஸ்து எங்கே வருகிறார்? ரிஸ்பாளிடமே திரும்பிப் போவோம். மரத்தில் தொங்கவிடப்பட்டவனின் உடல் இரவு முழுவதும் அங்கே இருக்கக் கூடாது, அன்றே அடக்கம் செய்ய வேண்டும் என்பது உபாகமம் 21இன் கட்டளை. ரிஸ்பாளின் மகன்களுக்கு அது மீறப்பட்டது. சட்டம் காக்காத உடல்களை ஒரு தாய் காத்தாள். அதே உபாகம வசனத்தைத்தான் பவுல் கலாத்தியர் 3:13இல் சிலுவையின்மேல் வைத்து வாசிக்கிறார். இயேசுவின் உடலை மாலைக்குள் இறக்குகிறார்கள், தூரத்திலிருந்து பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முன்கதை தெரிந்தவனுக்குச் சிலுவைக் காட்சியில் ஒரு பாறையும் ஒரு புடவையும் சேர்ந்தே தெரியும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ரிஸ்பாள் மரியாளுக்கு நிழல் என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டால் அவளை இன்னொரு முறை பேசவிடாமல் செய்ததாகிவிடும். முதலில் அவள் அவளாக இருக்க வேண்டும். அவள் துக்கம் அவள் துக்கமாகவே நம்மைத் தொட்ட பிறகுதான் சிலுவைக்குப் போகும் பாதை திறக்கிறது. அவசரமாகக் குறுக்கே போகிறவர்களுக்குச் சிலுவையும் மெலிந்துதான் தெரியும்.

நம் பக்கத்திலேயே இன்னொரு சரடு இருக்கிறது. ஜூலை மாதம் புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குத் தமிழர்கள் திரள்திரளாகப் போகிறார்கள். மரியாளின் தாயான அன்னம்மாளைப் பற்றி விவிலியத்தில் ஒன்றும் இல்லை. இரண்டாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ மரபு அவள் கதையைச் சொன்னபோது, பிள்ளையில்லாமல் சீலோவில் அழுது, பிறந்த சாமுவேலைக் கர்த்தருக்கே கொடுத்த அன்னாளின் கதையை அச்சாக வைத்துச் சொன்னது. நெடுநாள் பிள்ளையில்லாதிருந்து பெற்ற சாராள், ரெபெக்காள், ராகேல், அன்னாள், எலிசபெத்து என்று வரும் அந்த வரிசையில் அவளையும் நிறுத்தியது. லூக்கா நற்செய்தியில் மரியாள் பாடும் பாட்டை 1 சாமுவேல் 2இல் அன்னாள் பாடியதோடு வைத்துப் பாருங்கள். பலவான்களின் வில் முறிகிறது, பசித்தவர்கள் நிறைகிறார்கள். மரியாள் ஒரு பழைய பாட்டுக்குள் நின்று தன் பாட்டைப் பாடுகிறாள்.

"என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற சிலுவைக் குரலும் அப்படித்தான். அது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. கதறலில் தொடங்கி, கதறலுக்கு நடுவே திரும்பி, சபை நடுவில் துதியில் முடியும் முறையீட்டுப் பாடல் அது. முதல் வரியைச் சொன்னவர் முழுப் பாட்டையும் மனதில் வைத்திருந்தாரா என்று அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். எப்படியானாலும், முடிவு துதி என்பதற்காக முதல் வரியின் வலியைக் குறைத்து வாசிக்க அந்தப் பாட்டின் வடிவம் இடம் தரவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட வசனங்கள் அந்த வலியிலேயே நிற்கின்றன.

எங்கிருந்து தொடங்குவது

ஆதியாகமத்திலிருந்து ஆரம்பித்து லேவியராகமத்தில் நின்றுபோனவர்கள் நம்மில் அதிகம். ரூத்திலிருந்து தொடங்குங்கள். நாலே அதிகாரம், 85 வசனம், ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். வாய்விட்டு வாசியுங்கள். வீட்டில் இரண்டு மூன்று பேர் இருந்தால் நகோமிக்கு ஒருவர், ரூத்துக்கு ஒருவர், போவாசுக்கு ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அந்தக் கதையில் பாதிக்கு மேல் உரையாடல்தான் என்பது அப்போது தெரியும். அடுத்து யோனா, 48 வசனம். கடவுள் கேட்கும் ஒரு கேள்வியோடு நூல் நின்றுவிடும், யோனாவின் பதில் இல்லை. பிறகு 2 சாமுவேல் 11, 12. அதன் பிறகு யோபுவுக்கு வாருங்கள், ஒவ்வொரு அதிகாரத்தின் தலைப்பிலும் யார் கூற்று என்று எழுதிக்கொண்டே போங்கள்.

ஒரு நடைமுறைக் குறிப்பு. சபையில் நாம் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு கவிதையையும் உரைநடையையும் ஒன்றுபோல வசனம் வசனமாக அச்சிட்டிருக்கும். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் கவிதைப் பகுதிகளை அடி அடியாக மடக்கி அச்சிட்டிருக்கிறது. பழையதன் சொல்லழகை விட எனக்கு மனம் வராது, ஆனால் ஏசாயா எங்கே பாடுகிறார், எங்கே பேசுகிறார் என்று திருவிவிலியத்தைப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்து வாசியுங்கள். கைபேசியில் வாசிக்கிறவர்கள் தனி வசனத்தைத் தேடிப் போகாமல் முழு அதிகாரத்தையும் திறந்துகொள்ளுங்கள். முடிந்தால் அதற்கு முந்தைய அதிகாரத்தையும்.